ஐ.சி.யூ.வுக்குப் பிறகு: கணக்கில் வராத பாக்கி

"ஐ.சி.யூ.விலிருந்து நார்மல் வார்டுக்கு மாத்திட்டாங்க."

நம் ஊரில் இதைவிட நிம்மதி தரும் வாக்கியம் ஒன்று இருக்க முடியாது. இதைக் கேட்டவுடன் வெளியூரிலிருந்து ஓடி வந்த சொந்தக்காரர்கள் திரும்பிப் போக பஸ் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். பனிமய மாதா கோவிலில் மெழுகுவர்த்தி, திருச்செந்தூரில் நேர்ந்துகொண்ட மொட்டை, தெருவில் நாலு பேருக்கு இனிப்பு. ஆள் பிழைத்தாச்சு, கதை முடிஞ்சாச்சு.

மருத்துவ உலகமும் கிட்டத்தட்ட ஐம்பது வருடம் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தது. ஐ.சி.யூ. என்றால் உயிரைப் பிடித்து நிறுத்துகிற இடம்; உயிரோடு வெளியே அனுப்பினால் வெற்றி, இல்லாவிட்டால் தோல்வி. ஆனால் வெளியே வந்தவர்களில் பலர் பழைய ஆளாகத் திரும்பவில்லை என்பதும், யார் திரும்புவார்கள் யார் தடுமாறுவார்கள் என்பதை ஓரளவு முன்கூட்டியே சொல்ல முயற்சி செய்யலாம் என்பதும் ரொம்பத் தாமதமாகத்தான் புரிந்தது. அது எப்படிப் புரிந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

நான் பி.காம். மாணவன். மருத்துவம் என் பாடம் இல்லை. ஆனால் இதைப் பற்றிப் படிக்கப் படிக்க, இது ஒரு கணக்குப் பதிவியல் பிரச்சனை மாதிரியே தெரிந்தது. எதை எண்ணுகிறோம், எதை எண்ணாமல் விடுகிறோம் என்ற பிரச்சனை. அதனால் முதலில் நம் கடலிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

முத்துக்கு மதிப்பீடு உண்டு, முங்குபவனுக்கு?

தூத்துக்குடிக் கரையின் முத்து இரண்டாயிரம் வருடத்துக் கதை. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'எரித்திரையக் கடலின் பெரிப்ளூஸ்' என்ற கடல்வழிக் குறிப்பில் கொற்கை வருகிறது. அங்கே முத்துக்குளிக்க தண்டனை பெற்ற கைதிகளைப் பயன்படுத்தினார்கள் என்று அது சொல்கிறது. கைதியைக் கடலுக்குள் இறக்கினால், மேலே வந்த பிறகு அவன் உடம்பு எப்படி இருந்தது என்று யார் கேட்கப்போகிறார்கள்?

13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ எழுதியது ஒரு காமர்ஸ் மாணவனுக்கு இன்னும் சுவாரசியமானது. முத்துக்குளிக்கும் வியாபாரிகள் ராஜாவுக்குப் பத்தில் ஒரு பங்கு கொடுக்க வேண்டும். அது போக, பெரிய மீன்கள் முங்குபவர்களைத் தாக்காமல் மந்திரம் போட்டுக் கட்டி வைப்பவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு. அந்தக் கட்டு பகலுக்கு மட்டும்தான். ராத்திரி அவிழ்த்துவிடுவார்கள், திருடன் இறங்கி முத்து எடுத்துவிடக் கூடாதே! பிற்காலத்தில் இந்த ஆட்களுக்கு 'கடல்கட்டி' என்று பெயர்.

இருபதில் ஒரு பங்கு என்றால் ஐந்து சதவீதம். மந்திரம் பலித்ததோ இல்லையோ, இது ஒரு இன்சூரன்ஸ் பிரீமியம். ஆபத்துக்கு ஒரு விலை வைத்து, அதை முன்கூட்டியே கட்டியிருக்கிறார்கள். ஆனால் கவனித்துப் பாருங்கள், பாலிசி கவர் செய்வது சுறாவை மட்டும்தான். அதாவது தண்ணீருக்குள் நடக்கும் ஆபத்தை. கரைக்கு வந்த பிறகு வரும் நோய்க்கு அதில் கவர் இல்லை.

ஆங்கிலேயர் காலத்தில் கணக்கு இன்னும் நுணுக்கமானது. குளிப்பு அறிவிப்பதற்கு முன்னால் பாரில் (கடலடியில் சிப்பி விளையும் திட்டுக்கு நம் ஊர்ப் பெயர் 'பார்') மாதிரிக்குச் சிப்பிகளை எடுப்பார்கள். அதில் கிடைத்த முத்துக்களை மதிப்பிட்டு, ஆயிரம் சிப்பிக்கு எவ்வளவு தேறும் என்று பார்ப்பார்கள். லாபம் வரும் என்றால்தான் குளிப்பு. இன்றைய மொழியில் சொன்னால் சாம்பிள் எடுத்து முன்கணிப்பு செய்தார்கள். சிப்பிக்கு முன்கணிப்பு இருந்தது. கல்லைக் காலில் மாட்டிக்கொண்டு ஒரு நாளில் பல தடவை இறங்கி ஏறும் மனுஷனுக்கு அது போல ஒன்று இருந்ததாக நான் எங்கும் படிக்கவில்லை. தூத்துக்குடியின் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் முடிந்தது. அந்த வாய்ப்பும் அதோடு போனது.

அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் வேறு கடலில் இருந்தார்கள். பசிபிக்கில் துவாமோட்டு தீவுகளில் மூச்சடக்கி முத்துச்சிப்பி எடுப்பவர்களுக்கு ஒரு வினோதமான நோய் வரும். தலைசுற்றல், வாந்தி, கை கால் விழுந்துபோவது, சித்தம் கலங்குவது, சில சமயம் சாவு. அவர்கள் மொழியில் அதற்கு 'தாரவானா' என்று பெயர். பைத்தியம் பிடித்தாற்போல் விழுவது என்று அர்த்தம். 1965-இல் ஈ. ஆர். கிராஸ் என்பவர் இதைப் பதிவு செய்தார். அதில் முக்கியமான விஷயம்: அதே தீவுக் கூட்டத்துக்கு அடுத்துள்ள மாங்கரேவாவில் முங்குபவர்கள் ஒரு முங்குக்கும் அடுத்த முங்குக்கும் நடுவில் பத்து நிமிடத்துக்கு மேல் ஓய்வு எடுப்பார்கள். அங்கே தாரவானா இல்லை. ஓய்வு குறைந்த இடத்தில் இருந்தது. திரும்பத் திரும்ப ஆழத்துக்குப் போகும்போது நைட்ரஜன் உடம்பில் சேர்ந்துகொண்டே போகிறது, அதுதான் காரணம் என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம்.

இதிலிருந்து இரண்டு பாடம். ஒன்று, ஆபத்து முங்கும்போது மட்டும் இல்லை, மேலே வந்த பிறகும் இருக்கிறது. இரண்டு, யாருக்கு வரும் என்று சொல்லப் பெரிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. எத்தனை நிமிடம் ஓய்வு எடுத்தான் என்று எண்ணியிருந்தாலே போதும். நம் திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கப் போகிறவர்களில் பலர் இன்று கம்ப்ரஸரிலிருந்து டியூப் வழியாக வரும் காற்றை சுவாசித்துக்கொண்டு இறங்குகிறார்கள். அவர்களுக்கு இந்த இரண்டு பாடமும் இன்னும் அதிகமாகப் பொருந்தும்.

இந்த இரண்டு பாடத்தையும் கையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குள் போவோம்.

1952, கோபன்ஹேகன்

ஐ.சி.யூ. பிறந்த கதை ஒரு தொற்றுநோய்க் கதை. 1952 கோடையில் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரத்தில் போலியோ கடுமையாகப் பரவியது. பிளெக்டம் ஆஸ்பத்திரியில் மூச்சுத் தசைகள் செயலிழந்த நோயாளிகள் வந்து குவிந்தார்கள். ஆஸ்பத்திரியில் இருந்தது ஒரே ஒரு இரும்பு நுரையீரல் தொட்டியும், நெஞ்சில் கட்டும் சிறிய கருவிகள் ஆறும். முதல் மூன்று வாரத்தில் மூச்சு நின்ற நிலையில் வந்த 31 பேரில் 27 பேர் இறந்துபோனார்கள்.

அப்போது தலைமை மருத்துவர் லாசன், பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருந்து நிபுணரை ஆலோசனைக்கு அழைத்தார். ஆபரேஷன் தியேட்டரில் செய்வதை வார்டிலும் செய்யலாமே என்றார் இப்சன். தொண்டையில் துளை போட்டு, குழாய் வைத்து, ரப்பர் பையை அமுக்கிக் காற்றை உள்ளே செலுத்துவது. ஆகஸ்ட் 27-ஆம் தேதி சாகும் நிலையில் இருந்த 12 வயது சிறுமி ஒருத்திக்கு இதைச் செய்துகாட்டினார். அவள் பிழைத்தாள்.

ஆனால் பையை யார் அமுக்குவது? மெஷின் கிடையாது. மருத்துவம், பல் மருத்துவம் படிக்கும் மாணவர்களைக் கூப்பிட்டார்கள். சுமார் 1,500 மாணவர்கள், ஷிஃப்ட் போட்டு, மொத்தம் 1,65,000 மணி நேரம் கையால் பை அமுக்கினார்கள். வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு 110 மணி நேரம். நம் வயசுப் பிள்ளைகள்! இறப்பு விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. அடுத்த வருடம், 1953 டிசம்பரில், கோபன்ஹேகனின் இன்னொரு ஆஸ்பத்திரியில் இப்சன் தொடங்கிய பிரிவுதான் உலகின் முதல் ஐ.சி.யூ. என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது.

புத்தகங்களில் இந்தக் கதை பெரும்பாலும் இங்கே முடிந்துவிடும். அந்தச் சிறுமி பிழைத்தாள், அவ்வளவுதான். ஆனால் அவள் அதற்குப் பிறகு ஏறக்குறைய இருபது வருடம் வாழ்ந்தாள். கழுத்துக்குக் கீழே செயல் இல்லாமல், சுவாசக் கருவியின் துணையோடு, 1971 வரை. ஐ.சி.யூ. மருத்துவத்தின் முதல் வெற்றியே 'அப்புறம் என்ன?' என்ற கேள்வியோடுதான் வீட்டுக்குப் போனது. அந்தக் கேள்வியை எடுத்துக் கேட்க இன்னும் அரை நூற்றாண்டு ஆனது.

சாவை முன்கணித்தவர்கள்

அடுத்த முப்பது வருடத்தில் உலகம் முழுக்க ஐ.சி.யூ.க்கள் வந்தன. இந்தியாவில் மும்பையைச் சேர்ந்த டாக்டர் ஃபரோக் உத்வாடியா இந்தத் துறையின் முன்னோடி. 1993-இல் இந்தியத் தீவிர சிகிச்சை மருத்துவச் சங்கம் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டில் சென்னை, வேலூர், மதுரை என்று ஆரம்பித்து மெல்ல மெல்ல மாவட்டத் தலைநகரங்களுக்கும் வந்தது. தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரியே 2000-இல்தான் தொடங்கியது.

இதற்கு நடுவில் அமெரிக்காவில் வில்லியம் நாஸ் என்ற மருத்துவர் 1981-இல் 'அப்பாச்சி' என்ற மதிப்பெண் முறையை உருவாக்கினார். 1985-இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பு இன்றும் உலகெங்கும் தெரிந்த பெயர். 13 ஆஸ்பத்திரிகளில் 5,815 அனுமதிகளை வைத்துச் சரிபார்க்கப்பட்டது. காய்ச்சல், ரத்த அழுத்தம், ரத்தத்தில் சோடியம் என்று 12 அளவுகள், அதோடு வயசு, ஏற்கெனவே உள்ள நீண்டகால நோய். எல்லாம் கூட்டினால் 0 முதல் 71 வரை ஒரு எண். எண் கூடக் கூட சாவுக்கான வாய்ப்பு கூடும்.

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இது உடனே பிடிபடும். 1968-இல் எட்வர்ட் ஆல்ட்மன் கொண்டுவந்த இசட் ஸ்கோர் இதேதான். ஐந்து விகிதங்களை எடுத்து எடை போட்டுக் கூட்டினால், கம்பெனி திவாலாகுமா ஆகாதா என்று ஒரு எண் வரும். நல்ல கருவி. ஆனால் அது பதில் சொல்வது ஒரே ஒரு கேள்விக்கு. திவாலாகாத கம்பெனி அடுத்த வருடம் தொழிலாளிக்கு சம்பளம் கொடுக்குமா, டிவிடெண்ட் கொடுக்குமா, நொண்டிக்கொண்டு ஓடுமா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. அப்பாச்சியும் அப்படித்தான். சாவா, பிழைப்பா? பிழைப்பு என்றால் எப்படிப்பட்ட பிழைப்பு என்று அது கேட்கவே இல்லை.

வீட்டுக்கு வந்தவர்களைத் தேடிப் போனவர்கள்

கேட்டவர் கனடாவின் டொரான்டோ நகரத்தைச் சேர்ந்த மார்கரெட் ஹெரிட்ஜ். நுரையீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டு ஐ.சி.யூ.வில் பிழைத்த 109 பேரை அவர் குழு ஒரு வருடம் பின்தொடர்ந்தது. முடிவு 2003-இல் வெளியானது. நடுத்தர வயது 45, அதாவது வேலைக்குப் போய்க் குடும்பத்தைக் காப்பாற்றும் வயசு. ஐ.சி.யூ.விலிருந்து வெளியே வரும்போது உடல் எடையில் 18 சதவீதம் காணாமல் போயிருந்தது. ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்று பார்த்தார்கள். மூன்றாவது மாதத்தில் 281 மீட்டர். ஒரு வருடம் கழித்து 422 மீட்டர், அதே வயதுள்ள ஆரோக்கியமான ஆள் நடக்க வேண்டியதில் மூன்றில் இரண்டு பங்கு. பாதிப் பேர்தான் வேலைக்குத் திரும்பியிருந்தார்கள். 2011-இல் ஐந்தாம் வருடக் கணக்கும் வந்தது. நுரையீரல் கிட்டத்தட்ட சரியாகிவிட்டது, நடை மட்டும் 76 சதவீதத்தில் நின்றது.

நோய் வந்தது நுரையீரலுக்கு, ஆனால் போனது கை காலின் வலு! ஏன் என்பதற்கு விடை 2013-இல் லண்டனில் 63 நோயாளிகளின் தொடைத் தசையை அளந்தபோது தெரிந்தது. பத்தே நாளில் தசையின் குறுக்களவில் சுமார் 18 சதவீதம் கரைந்திருந்தது. நாம் நினைப்பது போல 'படுத்துப் படுத்து உடம்பு விட்டுப்போச்சு' என்பது மட்டும் இல்லை. கடும் நோய் வந்த உடம்பு தன் தசையையே வேகமாக உடைக்கிறது.

மனசுக்குள் நடந்தது

உடம்பாவது கண்ணுக்குத் தெரியும். மனசு?

எங்கள் தெருவில் ஒரு அண்ணன். ஹார்பரில் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் சரக்கை எண்ணிக் குறிக்கிற வேலை. நிமோனியா முற்றி இரண்டு வாரத்துக்கு மேல் வென்டிலேட்டரில் இருந்து பிழைத்து வந்தார். தெருவே சந்தோஷப்பட்டது. அதற்கப்புறம் அவர் ராத்திரி தூங்கவில்லை. நர்ஸ்கள் தன்னை ஒரு கன்டெய்னருக்குள் போட்டு சீல் வைத்துக் கப்பலில் ஏற்றியதாகவும், கூப்பிடக் கூப்பிட யாரும் திறக்கவில்லை என்றும் சொல்லுவார். வேலைக்குத் திரும்பிப் போனார். நாற்பது, ஐம்பது எண்ணுவதற்குள் கணக்கு விட்டுப்போனது. வீட்டில் முதலில் பயந்தார்கள், பிறகு மந்திரித்தார்கள், கடைசியில் 'உடம்பு வணங்கல, ஏமாத்துறான்' என்று பேச்சு வந்தது. அவர் ஏமாற்றவில்லை. அவருக்கு நடந்ததற்குப் பெயர் இருக்கிறது, அந்தப் பெயர் நம் தெருவுக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

ஐ.சி.யூ.வில் நோயாளிக்கு வரும் குழப்ப நிலைக்கு டெலிரியம் என்று பெயர். ரொம்ப காலம் அதை 'ஐ.சி.யூ.ன்னா அப்படித்தான் உளறுவாங்க' என்று விட்டுவிட்டார்கள். 2001-இல் அமெரிக்காவின் வேண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் வெஸ்லி ஈலி குழு, வென்டிலேட்டரில் பேச முடியாமல் இருப்பவரிடம்கூட சில நிமிடங்களில் டெலிரியம் இருக்கிறதா என்று கண்டுபிடிக்கும் ஒரு சோதனையைக் கொண்டுவந்தது. எண்ண ஆரம்பித்த பிறகுதான் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தது. 2013-இல் வெளியான அவர்களின் பெரிய ஆய்வில் 821 நோயாளிகளில் 74 சதவீதம் பேருக்கு டெலிரியம் வந்திருந்தது. ஒரு வருடம் கழித்துச் சோதித்தவர்களில் மூன்றில் ஒரு பங்குப் பேரின் நினைவும் யோசிக்கும் திறனும், தலையில் மிதமான அடிபட்டவர்களின் அளவுக்கு இறங்கியிருந்தன. டெலிரியம் எத்தனை நாள் நீடித்ததோ, அந்த அளவுக்குப் பின்விளைவும் மோசம். இளைஞர்களும் தப்பவில்லை.

அதே 2001-இல் இங்கிலாந்தில் கிறிஸ்டினா ஜோன்ஸ் என்ற நர்ஸ் ஆய்வாளரின் குழு இன்னொன்றைக் கவனித்தது. ஐ.சி.யூ.வில் நிஜமாக நடந்த வலியை ஞாபகம் வைத்திருப்பவர்களைவிட, நடக்காததை நடந்ததாக ஞாபகம் வைத்திருப்பவர்களுக்குத்தான் பின்னால் மனநோய் ஆபத்து அதிகம். டியூப் குத்தியது ஞாபகம் இருந்தால் பரவாயில்லை, கன்டெய்னரில் அடைத்தது ஞாபகம் இருந்தால் ஆபத்து.

இதற்கு ஸ்கேண்டிநேவிய நாட்டு நர்ஸ்கள் ஒரு எளிய வழி வைத்திருந்தார்கள். டைரி. நோயாளி மயக்கத்தில் இருக்கும்போது தினமும் அன்றைக்கு நடந்ததைச் சாதாரண வார்த்தையில் எழுதி, போட்டோவும் வைத்து, பிறகு அவரிடமே கொடுப்பது. 2010-இல் ஆறு ஐரோப்பிய நாடுகளில் 352 பேரிடம் சோதித்தபோது, டைரி பெற்றவர்களில் 5 சதவீதம் பேருக்கும் பெறாதவர்களில் 13 சதவீதம் பேருக்கும் புதிதாக மன அதிர்ச்சி நோய் வந்தது. ஆனால் 2019-இல் பிரான்சில் நடந்த பெரிய ஆய்வில் இந்த வித்தியாசம் தெரியவில்லை. ஆக, டைரி மருந்தா இல்லையா என்ற விவாதம் தொடர்கிறது.

2010-இல் அமெரிக்காவின் தீவிர சிகிச்சை மருத்துவச் சங்கம் கூட்டிய கூட்டத்தில் இதற்கெல்லாம் சேர்த்து ஒரு பெயர் வைத்தார்கள், 2012-இல் அது அச்சில் வந்தது. 'போஸ்ட் இன்டென்சிவ் கேர் சிண்ட்ரோம்', சுருக்கமாக பிக்ஸ். உடல், மூளை, மனம் என்று மூன்று பிரிவு. கூடவே குடும்பத்தினருக்கு வரும் மன பாதிப்புக்கும் தனிப் பெயர் வைத்தார்கள். வராண்டாவில் பாய் விரித்துக் காத்துக் கிடப்பவர்களும் நோயாளிகள்தான் என்று எழுத்தில் ஒப்புக்கொண்டது அப்போதுதான்.

யாருக்கு வரும் என்று சொல்ல முடியுமா?

பெயர் வைத்தாயிற்று. எல்லோரையும் பின்தொடர எந்த நாட்டிலும் ஆளும் பணமும் இல்லை. யாருக்கு ஆபத்து அதிகம் என்று வாசலிலேயே தெரிந்தால் அவர்களை மட்டுமாவது கவனிக்கலாம்.

இதில் குறிப்பிடத்தக்க வேலை ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் நடந்தது. அன்னா ஷான்டல் குழு 2013, 2014 வருடங்களில் இரண்டு முன்கணிப்பு முறைகளை வெளியிட்டது. மனப் பிரச்சனைக்கான முறையில் அவர்கள் கண்ட அறிகுறிகள் இவை: முன்பே பெரிய நோய், முன்பே மனப் பிரச்சனை, 18 வயதுக்குக் கீழே பிள்ளைகள் இருப்பது, ஐ.சி.யூ.வில் இருக்கும்போது பதற்றம் அல்லது சோர்ந்த முகம், நோய் வருவதற்கு முன்பே வேலையில்லாமலோ உடம்பு சரியில்லாத லீவிலோ இருந்தது. உடல் பிரச்சனைக்கு: குறைந்த படிப்பு, எலும்பு முறிவு, இரண்டு நாளுக்கு மேல் ஐ.சி.யூ. வாசம், பிடிமானம் இல்லாமல் உட்கார முடியாமை.

2018-இல் அன்னா மில்டன் குழு ஸ்வீடன், டென்மார்க், நெதர்லாந்து என்று மூன்று நாடுகளில் பத்து ஐ.சி.யூ.க்களில் மன பாதிப்புக்கான முறையைச் செம்மைப்படுத்தியது. அதில் தேறி நின்ற அறிகுறிகள் நான்கு: வயசு, துணைக்கு ஆள் இல்லாமை, மனச்சோர்வு, பயங்கரமான நினைவுகள்.

இந்தப் பட்டியலை நான் இரண்டு தடவை படித்தேன். அப்பாச்சியில் இருந்த சோடியம் எங்கே? ரத்த அழுத்தம் எங்கே? ஒன்றுகூட இல்லை. சாவை முன்கணிக்க ரத்தப் பரிசோதனை வேண்டும். சாகாமல் வாழப்போகும் வாழ்க்கையை முன்கணிக்க, 'வேலை இருக்கா, என்ன படிச்சிருக்கீங்க, வீட்ல சின்னப் பிள்ளைங்க இருக்கா, பாத்துக்க ஆள் இருக்கா, தானா உட்கார முடியுதா, ராத்திரி என்ன தெரியுது' என்று கேட்க வேண்டும். வார்டு ஆயாம்மா கேட்கிற கேள்விகள் இவை. துவாமோட்டுவில் ஓய்வு நிமிடத்தை எண்ணியது போல, இதற்கும் பெரிய மெஷின் தேவையில்லை.

அதே சமயம் அளவுக்கு மீறி நம்பவும் கூடாது. 2020-இல் நிபுணர் குழு ஒன்று எல்லா ஆய்வையும் அலசி, எந்த ஒரு கருவியும் தனியாக நம்பகமாகச் சொல்லிவிடாது என்ற முடிவுக்கு வந்தது. ஆபத்து அதிகம் உள்ளவர்களை அடையாளம் கண்டு, வீட்டுக்குப் போன இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் ஒரு தடவையும், பிறகு அவ்வப்போதும் சோதியுங்கள் என்று பரிந்துரைத்தது. இன்னொரு சங்கடமும் உண்டு. இந்த முன்கணிப்பு முறைகள் ஐரோப்பிய நோயாளிகளை வைத்துச் செய்தவை. அங்கே நோய் லீவில் சம்பளம் வரும். நம் ஊர் லோடுமேனுக்கு வராது. அங்கே 'குறைந்த படிப்பு' ஆபத்தைக் கூட்டுகிறது என்றால், இங்கே அது எவ்வளவு கூட்டும் என்பதை இங்கேதான் அளக்க வேண்டும்.

நம் பக்கத்தில்

'உயிர் பிழைத்தால் மட்டும் போதாது' என்ற எண்ணம் தமிழ்நாட்டுக்குப் புதிது இல்லை. 1954 ஜனவரியில் வேலூர் சி.எம்.சி.யின் இளம் மருத்துவர் மேரி வர்கீஸ் கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். அதோடு முடங்கவில்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டதில் அவர் பங்கு பெரியது. 1972-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆஸ்பத்திரி வாசலுக்குப் பிறகு என்ன என்ற கேள்வியை, தன் உடம்பாலேயே கேட்டவர் அவர்.

2020, 2021 கொரோனா வந்தபோது இந்தக் கேள்வி எல்லா ஊருக்கும் வந்தது. 2021 மே மாதத்தில், 2018-இல் மூடப்பட்ட தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலையில் உச்ச நீதிமன்ற அனுமதியோடு ஆக்ஸிஜன் மட்டும் தயாரித்து ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பினார்கள். எத்தனை டன் போனது என்று தினமும் பேப்பரில் வந்தது. அந்த ஆக்ஸிஜனை சுவாசித்துப் பிழைத்தவர்கள் ஒரு வருடம் கழித்து எத்தனை மீட்டர் நடந்தார்கள் என்று தினமும் யாரும் எழுதவில்லை. சிப்பிக்குக் கணக்கு உண்டு, முங்கினவனுக்கு இல்லை என்பது இங்கேயும் தொடர்ந்தது.

நல்லதையும் சொல்ல வேண்டும். 2008-இல் வந்த 108 ஆம்புலன்ஸ், 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி 2012-இல் முதலமைச்சர் பெயரில் விரிவான அரசுக் காப்பீடு, 2021 டிசம்பரில் விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேர இலவச சிகிச்சை என்று, ஆளை ஐ.சி.யூ. வரை கொண்டுபோய்ச் சேர்க்கும் பாதையைத் தமிழ்நாடு நன்றாகவே போட்டது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுப்பதும் இருந்தது. ஐ.சி.யூ.விலிருந்து திரும்பியவர்களை அந்தப் பட்டியலில் தாமாகவே சேர்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்பது என் கருத்து. புதிய கட்டடமோ புதிய மெஷினோ வேண்டாம். டிஸ்சார்ஜ் ஆகும் அன்று ஒரு போன் போதும்.

ஒரு கணக்குப் பதிவியல் யோசனை

பேலன்ஸ் ஷீட்டில் வராத ஒரு வகைக் கடன் உண்டு. கோர்ட்டில் கேஸ் நடக்கிறது, தோற்றால் கட்ட வேண்டும். அடுத்தவனுக்கு ஜாமீன் போட்டிருக்கிறோம், அவன் கட்டாவிட்டால் நம் தலையில் விழும். வரலாம், வராமலும் போகலாம். இதற்கு கன்டிஞ்சென்ட் லயபிலிட்டி என்று பெயர். கணக்குப் பதிவியல் தரநிலை 29 சொல்வது என்னவென்றால், இதைக் கடனாகக் கூட்டாதே, ஆனால் வாய்ப்பு ரொம்பச் சொற்பமாக இருந்தால் ஒழிய குறிப்பில் எழுதாமலும் விடாதே. பங்கு வாங்குகிறவனுக்குத் தெரிய வேண்டும்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் என்ன நோய், என்ன மருந்து, எத்தனை நாள் எல்லாம் இருக்கும். 'இவருக்கு அடுத்த ஒரு வருடத்தில் இன்ன பிரச்சனை வர வாய்ப்புண்டு' என்ற குறிப்பு பெரும்பாலும் இருக்காது. அந்தக் குறிப்பு வரும்வரை, குடும்பம்தான் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். படித்ததிலிருந்து நான் தொகுத்த ஐந்து கேள்விகள் இவை. மருத்துவ ஆலோசனை இல்லை, மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்.

1. எத்தனை நாள் வென்டிலேட்டர், எத்தனை நாள் மயக்க மருந்து?

2. குழப்பம் இருந்ததா? இருந்தால் எத்தனை நாள்?

3. கட்டில் ஓரத்தில் பிடிமானம் இல்லாமல் உட்கார முடிகிறதா? இல்லை என்றால் பிசியோதெரபி எங்கே, எப்போதிருந்து?

4. (இது நோயாளியிடம், தனியாக, பொறுமையாக) ஐ.சி.யூ.வில் என்ன பார்த்தீர்கள்? பயமாக ஏதாவது ஞாபகம் இருக்கிறதா? சிரிக்காமல் கேளுங்கள். 'அப்படி ஒண்ணும் நடக்கல' என்று உடனே அடக்காதீர்கள். உண்மையில் நடந்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து நாள் வாரியாகச் சொல்லுங்கள்.

5. ஒரு மாதத்துக்குள் யாரிடம் திரும்பக் காட்ட வேண்டும்? நடை, ஞாபகம், தூக்கம் மூன்றையும் பார்ப்பார்களா?

தெருவில் யாராவது ஐ.சி.யூ.விலிருந்து திரும்பி வந்து, மூன்று மாதம் ஆகியும் வேலைக்குப் போகாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தால், 'இன்னுமா சரியாகல?' என்று கேட்பதற்கு முன்னால் கனடாவின் கணக்கை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். ஒரு வருடம் கழித்தும் பாதிப் பேர் வேலைக்குத் திரும்பவில்லை. அந்த அண்ணனை இப்போது வீட்டில் யாரும் திட்டுவதில்லை. டாலி வேலையை விட்டுவிட்டு கேட்டில் உட்காரும் வேலைக்குப் போகிறார். எண்ண வேண்டிய தேவை இல்லாத வேலை.